நான் சொன்ன ‘இல்லை’

2021 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை மாலை. காட்டுப்பாக்கத்தில் எங்கள் நகரின் சிறிய கூடம். இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டான். நான் “இல்லை” என்றேன். அது பொய். தெரியாமல் சொன்ன தவறு அல்ல. பொய் என்று தெரிந்தே சொன்னேன். அந்த ஒரு சொல் யாரை எங்கே போய்த் தாக்கியது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கத்து நியாயம் என்று எதையும் சேர்க்கப் போவதில்லை. இருந்தால் சேர்த்திருப்பேன்.

நான் கடற்படைக்காரன் அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆயிரம் உருப்படியில் இரண்டு தப்பானால் இரண்டு என்று எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது நாங்குநேரிப் பக்கம். பன்னிரண்டு வயதில், 1990இல், பக்கத்து விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் தொடங்கியது. வானத்தைத் தொடுகிற கோபுரங்கள். கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்பத்தான் அவை என்று அப்பா சொன்னார். பொட்டல் காட்டில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத கப்பலோடு பேசுகிறார்கள். அந்த ஆச்சரியம் என்னை விட்டுப் போகவே இல்லை. வேலைக்கு வந்து, கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் தேடியது நீர்மூழ்கி விளையாட்டுகளைத்தான்.

சைலன்ட் ஹண்டர் 3, 2005இல் வந்தது. அதில் நீங்கள் இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானிய நீர்மூழ்கித் தலைவர். சரக்குக் கப்பலை மூழ்கடிப்பது அதில் பாதி வேலைதான். மீதிப் பாதி, அதற்குப் பிறகு உங்களைத் தேடி வரும் நாசகாரிக் கப்பலிடமிருந்து தப்புவது. நான் அந்தப் பாதிக்கு அடிமையானேன். மேலே கப்பல் ஒலியலையை அனுப்பும். அது நம் உடலில் பட்டுத் திரும்பும்போது டிங் என்று கேட்கும். டிங்குக்கும் டிங்குக்கும் நடுவே இடைவெளி குறையக் குறைய எதிரி நெருங்குகிறான் என்று பொருள். ஆனால் சரியாகத் தலைக்கு மேல் வரும் கடைசி சில நூறு மீட்டரில் அவன் குருடன். அவன் கருவியின் கதிர் சாய்வாக முன்னோக்கிப் போகிறது. நேர் கீழே இருப்பவன் அதில் படமாட்டான். அவன் போடும் வெடிகுண்டுப் பீப்பாய் நம் ஆழத்துக்கு இறங்கவும் பல வினாடி ஆகும். தப்புகிறவனுக்குக் கிடைப்பது அந்த வினாடிகள் மட்டுமே. சுக்கானை முழுதாகத் திருப்பி, இயந்திரத்தை முழுவேகத்தில் விட்டு, இன்னும் ஆழம் போகவேண்டும். குண்டுகள் வெடிக்கும் இரைச்சலில் நம் இரைச்சல் மறையும். வெடிச்சத்தம் அடங்கும்போது நாமும் அடங்கிவிட வேண்டும். விசிறியை ஊர்ந்து போகும் வேகத்துக்குக் குறைத்து, பழுதுபார்க்கும் வேலையைக்கூட நிறுத்தி, காத்திருக்க வேண்டும்.

கடலில் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் அடுக்கு ஒன்று உண்டு. ஒலி அங்கே வளைந்துவிடும். அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கத் தெரிந்தால் மேலே இருப்பவனுக்கு நாம் பாதி இல்லாதவர்கள். பின்னாளைய போர்களைக் காட்டும் விளையாட்டுகளில் நம்மைத் துரத்துவது குண்டு அல்ல, சத்தத்தை மோப்பம் பிடித்து வரும் டார்பிடோ. அதைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு ஓடி, ஏமாற்றுக் கருவியைப் பின்னால் விட்டு, சட்டென்று கூர்மையாகத் திரும்பினால், நாம் விட்டுச் சென்ற கலங்கல் நீரையே அது கப்பல் என்று நம்பிப் போகும். இதையெல்லாம் பதினைந்து வருடம் ராத்திரி ராத்திரியாகப் பழகினேன். எனக்கு நன்றாக வந்தது. அதில் எனக்குக் கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்துக்குப் பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள். சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் மாடிக்கு வருவார்கள். அவர்களில் அன்று கேள்வி கேட்ட அந்தப் பையன்தான் கெட்டிக்காரன். மற்றவர்களுக்கு வெடிப்பு பிடிக்கும். இவனுக்கு ஏன் என்று கேட்கப் பிடிக்கும். “அங்கிள், அவன் நம்மள எப்படிக் கண்டுபிடிச்சான்?” என்பான். ஒருமுறை அவனைக் கூப்பிட அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்து அலமாரியில் கடற்படைத் தொப்பி போட்ட ஒரு இளைஞனின் படம். பக்கத்தில் செய்தித்தாளில் வெட்டி எடுத்த இன்னொரு படம். முன்னால் சின்ன விளக்கு. “தாத்தா நேவி” என்றான் பையன். சரி என்றேன். எந்தக் கப்பல் என்று கேட்கவில்லை. நீர்மூழ்கி என்றால் உயிரைவிடுகிற நான், நிஜமாகக் கடலுக்குப் போன ஒரு ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

2021, வங்கதேசப் போர் முடிந்த ஐம்பதாவது ஆண்டு. டிசம்பர் 4 கடற்படை நாள். பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்களேன் என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டார்கள். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியைப் பற்றிய படத்தைப் பலர் பார்த்திருந்தார்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கிக்குள் நான் ஒருமுறை அரைமணி நேரம் நடந்திருந்தேன். அந்த அரைமணி நேரத்தை ஒரு தகுதியாக எண்ணிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். எல்லாரும் காஸியைப் பற்றிப் பேசுவார்கள், நான் குக்ரியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

ஐஎன்எஸ் குக்ரி, நீர்மூழ்கிகளை வேட்டையாடக் கட்டப்பட்ட சிறிய போர்க்கப்பல். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி அதை டார்பிடோவால் தாக்கியது. ஹங்கோரைத் தேடித்தான் குக்ரியும் அதனுடன் சென்ற கிர்பான் கப்பலும் அங்கே அனுப்பப்பட்டிருந்தன. முதல் டார்பிடோ கிர்பானை நோக்கி வந்தது. வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், ஆக 194 பேர் போனார்கள். தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. தன் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு மேல்தளத்திலேயே நின்றார் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அவருக்கு இறப்புக்குப் பின் மகாவீர் சக்ரா கொடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் குக்ரி. அடுத்தது நடக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று, 1982இல், பால்க்லாண்ட் போரில்.

குக்ரி அன்று மெதுவாக, சுமார் 12 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்று படித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். ஏன் மெதுவாகப் போனது என்பதையும் படித்திருந்தேன். வேகமாகப் போகும் கப்பலின் காது தன் சொந்த இரைச்சலில் அடைத்துப்போகும். குக்ரியின் ஒலிக்கருவி பழையது. ஹங்கோரின் காதுக்கு எட்டிய தூரத்தில் ஒரு சிறு பங்குதான் அதற்கு எட்டும். கேட்கும் தூரத்தைக் கூட்ட ஒரு புதிய இணைப்பை அந்தப் பயணத்தில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் போனால்தான் அது கேட்கும். வேகத்தைக் கொடுத்துவிட்டுக் காதை வாங்கிய முடிவு அது. இதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். பேச்சில் சொல்லவில்லை. சொன்னால் கதை சிக்கலாகும். பிள்ளைகளுக்குப் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பையனுக்கு நிச்சயம் புரிந்திருக்கும்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு சோதனை செய்தேன். டேஞ்சரஸ் வாட்டர்ஸ் என்று இன்னொரு விளையாட்டு. அதில் போர்க்கப்பலையும் நாமே ஓட்டலாம், களத்தையும் நாமே அமைக்கலாம். ஒரு நீர்மூழ்கியை வைத்தேன். நான் கப்பலில் ஏறினேன். பன்னிரண்டு முறை ஓட்டினேன். ஆறு முறை 12 நாட் வேகத்தில் நேர்கோட்டில். ஆறு முறை வேகமாக, வளைந்து வளைந்து. நேர்கோட்டில் போனதில் ஐந்து முறை மூழ்கினேன், ஒருமுறை பிழைத்தேன். வளைந்து போனதில் நான்கு முறை பிழைத்தேன், இரண்டு முறை மூழ்கினேன். தேதி போட்டு, கட்டம் கட்டி, தொழிற்சாலையில் எழுதுவதுபோல எழுதினேன்.

அந்தச் சோதனையே செல்லாது. எதிரி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நான்தான் அவனை அங்கே வைத்தேன். நான் ஓட்டியது ஒரு அமெரிக்கக் கப்பல். குக்ரியின் எடை அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்குப் பல பத்தாண்டு பிந்திய காதும், பின்னால் இழுத்துச் செல்லும் ஏமாற்றுக் கருவியும் எனக்கு இருந்தன. குக்ரி அந்தக் கணத்தில் நேர்கோட்டில்தான் போனது என்பதும் என் வசதிக்கு நானே வைத்துக்கொண்டது. எல்லாவற்றையும்விட, ஹங்கோர் விட்டது சத்தத்தைத் தேடி வரும் டார்பிடோ. வளைந்து போவது, குறிவைத்து நேராக விடும் பழைய டார்பிடோவைக் குழப்பும். சத்தத்தைத் தேடி வரும் டார்பிடோவுக்கு முன்னால் வேகத்தைக் கூட்டுவது, இருட்டில் ஒளிந்தவன் இருமுவதைப் போல. நான் மூழ்கிய அந்த இரண்டு முறையும் அப்படித்தான் மூழ்கினேன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு மேடையேறினேன்.

அன்று கூடம் நிறைந்திருந்தது. நவம்பர் மழையில் தேங்கிய தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. வெளியே பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை இரைச்சல். பின்வரிசையில் அம்மாக்கள். ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆவடியிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் போதையாக இருந்தது. திரையில் நேர்கோட்டு ஓட்டத்தைக் காட்டினேன், கப்பல் மூழ்கியது. வளைந்த ஓட்டத்தைக் காட்டினேன், கப்பல் பிழைத்தது. “பார்த்தீங்களா? கொஞ்சம் வேகமா, வளைஞ்சு போயிருந்தா அந்த 194 பேரும் வீட்டுக்கு வந்திருப்பாங்க” என்றேன். கைதட்டினார்கள்.

அப்போதுதான் பையன் கையைத் தூக்கினான். “அங்கிள், வளைஞ்சு போற கப்பல் ஒரு தடவைகூட மாட்டலையா?”

நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது. எதையும் ஒருமுறை பார்த்து நம்பாதே என்று சனிக்கிழமைதோறும் சொன்னவன் நான். குறிப்பேடு கையில் இருந்தது. பக்கம்கூடத் திறந்திருந்தது. ஏழாவது ஓட்டம், பத்தாவது ஓட்டம், இரண்டிலும் என் கையெழுத்தில் ‘மூழ்கியது’ என்று இருந்தது. நாலு வினாடி இருக்கும். இரண்டு தடவை மாட்டியது என்று சொன்னால் கைதட்டல் கரைந்துவிடும் என்று நினைத்தேன். ராணுவக்காரர் தலையாட்டுவதை நிறுத்துவார் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. பையனை நினைக்கவில்லை. 194 பேரை நினைக்கவில்லை.

“இல்லை” என்றேன். போதாதென்று, “ஒரு தடவைகூட இல்லை” என்றும் சேர்த்தேன்.

அன்று இரவு அவன் வீட்டில் என்ன நடந்தது என்பது பல நாள் கழித்து அவன் அம்மா சொல்லித்தான் தெரியும். அவன் பாட்டியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். “பாட்டி, தாத்தா செத்திருக்கவே வேண்டாம். கேப்டன் தப்பு பண்ணிட்டார். அங்கிள் நிரூபிச்சுக் காட்டினார்.” தாத்தா குக்ரியில் மாலுமி. அந்தத் தொப்பி போட்ட இளைஞன் அவர்தான். பக்கத்தில் இருந்த செய்தித்தாள் படம் கேப்டன் முல்லா. ஒவ்வொரு டிசம்பர் 9ஆம் தேதியும் பாட்டி இரண்டு படத்துக்கும் சேர்த்து விளக்கேற்றிப் படைப்பார். அந்த ஆண்டு டிசம்பர் 9 என் பேச்சுக்கு நாலாவது நாள். கேப்டன் படத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாட்டியின் மகள், பையனின் அம்மா, எனக்குப் போன் செய்தார். “சார், அம்மா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. எப்ப வர்றீங்க?” வருகிறேன் என்றேன். போகவில்லை. பதினோரு வாரம் போகவில்லை. அவர்கள் தெரு வழியாகத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போவேன். வழியை மாற்றிக்கொண்டேன். நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சுற்றி வருவேன். கடையில் அவர்கள் குரல் கேட்டால் உள்ளே போகாமல் வெளியே நின்றுவிடுவேன். சனிக்கிழமைகளில் மாடி விளக்கைப் போடுவதில்லை. ஜனவரியில் கொரோனாவின் மூன்றாம் அலை வந்தது, ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. வயதானவர் வீட்டுக்கு இப்போது போவது சரியல்ல என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அந்த நோய் எனக்கு அப்போது வசதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், ஐம்பது வருடத் துக்கம் குலைந்துபோய், ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார். ஐந்து நிமிட நடையில் நான் ஒளிந்திருந்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் போனேன். தைரியம் வந்து போகவில்லை. பையன் வாசலில் வந்து நின்று, “பாட்டி இன்னிக்கும் கேட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அவன் பின்னாலேயே போனேன். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன்.

பாட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுக்கச் சொன்னார். குடிக்கும்வரை பேசவில்லை.

“தம்பி, தந்தி வந்தப்ப எனக்கு இருபத்தொரு வயசு. இவ கைக்குழந்த. அன்னியிலேருந்து நான் யாரையும் திட்டினதில்ல. சண்டைனா சாவு இருக்கும்னு வெச்சுக்கிட்டேன். கூட இருந்தவங்கள விட்டுட்டு அந்தப் பெரியவரு ஓடலயே, அவரும் அதே தண்ணிக்குள்ளதான போனாருனு ஒரு ஆறுதல். இப்ப அம்பது வருஷம் கழிச்சு என்னைய ஒரு ஆளத் திட்ட வெச்சுட்டியேப்பா. நீ பொய் சொல்ல மாட்டனு பேரன் சொன்னான்.”

குறிப்பேட்டை விரித்து வைத்தேன். பன்னிரண்டு ஓட்டத்தையும் வாசித்தேன். எதிரியை நான்தான் வைத்தேன் என்று சொன்னேன். கப்பல் வேறு, காலம் வேறு, கருவி வேறு என்று சொன்னேன். ஏன் மெதுவாகப் போனார்கள் என்று சொன்னேன். ஏழாவது ஓட்டத்தையும் பத்தாவது ஓட்டத்தையும் பையனின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. “நான் கேட்டப்ப இந்தப் பக்கத்தைத்தான அங்கிள் தொறந்து வெச்சிருந்தீங்க?” என்றான். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டான். அதன்பிறகு அவன் என் மாடிக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பான். இப்போது நீர்மூழ்கி விளையாட்டை அவன் தொடுவதில்லை என்று அவன் அம்மா சொன்னார். ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவன், பெரியவர்களிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டான் என்றும் சொன்னார். என் பொய்யின் விலையில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

அன்று பாட்டி நீண்ட நேரம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கட்டங்கள் புரிந்திருக்காது என்று நினைத்தேன். அதுவும் என் கர்வம். அவர் கேட்டார். “நீ சொன்னது பொய்னு ஆயிடுச்சு. சரி. அப்ப அவரு எப்படிப் போயிருந்தாலும் செத்திருப்பாரா?”

“தெரியாதும்மா” என்றேன். “யாராலயும் சொல்ல முடியாது.”

“மொதல்லயே அதச் சொல்லியிருக்கலாமேப்பா.”

கேப்டன் படம் அலமாரிக்குத் திரும்பியதா என்று நான் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் கண்ணைத் தூக்கிப் பார்க்கும் தகுதி எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு கூட்டத்துக்கு வந்திருந்த பிள்ளைகளைத் தேடினேன். ஒவ்வொரு வீடாகப் போய், அன்று நான் சொன்னது தவறு, வளைந்து போன கப்பலும் மூழ்கியது, கேப்டன் முல்லாவைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று சொன்னேன். சிலருக்கு அந்தப் பேச்சே நினைவில்லை. ஒரு சிறுமி, “அப்ப எங்க ஸ்கூல் போட்டியில நான் பேசினது தப்பா?” என்று கேட்டாள். என் வாக்கியத்தை வைத்து அவள் பரிசு வாங்கியிருந்தாள். தப்பு என்றேன். அவள் முகம் சுருங்கியது. இருபத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேரைப் பார்த்தேன். மற்றவர்கள் வாடகை வீட்டுக்காரர்களின் பிள்ளைகள். மாங்காடு, திருவேற்காடு என்று போய்விட்டார்கள். ராணுவக்காரரிடமும் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

போனில் எடுத்த வீடியோ எங்கள் நகரின் வாட்ஸப் குழுவில் போடப்பட்டது. அழிக்கச் சொன்னேன், அழித்தார்கள். அதற்குள் அது வேறு குழுக்களுக்குப் போயிருந்தது. இரண்டு வருடம் கழித்து டிசம்பரில், தொழிற்சாலை நண்பர் ஒருவர் ‘அருமையான விளக்கம்’ என்று எனக்கே அனுப்பினார், பேசுவது நான் என்று கவனிக்காமல். முழுதும் பார்த்தேன். பையன் கடைசி வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மைக் அவனிடம் இல்லை. மெட்ரோ வேலை இரைச்சலில் அவன் கேள்வி காதில் விழவே இல்லை. வாய் அசைவது மட்டும் தெரிகிறது. என் பதில் தெளிவாகக் கேட்கிறது.